குவாரி வளைவில் என் முகம்

என் முகத்தை அவ்வளவு பெரிதாக நான் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. தக்காளி ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற வழியில், குவாரி வளைவில் திரும்பியதும் கிடியன் கடிவாளத்தை இழுத்துக் குதிரையை நிறுத்திவிட்டார். கிடியன் என் வீட்டுக்காரர். இடி விழுந்தாலும் முதலில் காபியைக் குடித்து முடிக்கிற ஆள்.

"என்னங்க, லாடம் கழண்டுடுச்சா?" என்றேன்.

"மேல பாரு."

பார்த்தேன். எப்போதும் ஒரு பல் டாக்டர் இளித்துக்கொண்டிருக்கிற விளம்பரப் பலகையில் நான் இளித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வண்டியைவிடப் பெரிய தலை. தலைத்துணி ஒரு பக்கம் சரிந்திருந்தது, கன்னத்தில் சேறு. எனக்கு முன்னால் நாலு கோவேறு கழுதைகளின் காதுகள். கீழே ஒரு தங்கும் விடுதியின் பெயரும், 'எளிய வாழ்க்கைக்கு வாருங்கள்' என்ற அழைப்பும். அன்று விடியற்காலையில்தான் மாட்டுக்கொட்டகைச் சாக்கடை அடைத்துக்கொண்டு, முழங்கை வரை கையை விட்டுக் குடைந்துவிட்டு வந்திருந்தேன். எளிய வாழ்க்கையாம்! வந்து குடையட்டும்.

"நல்லாத்தான் விழுந்திருக்கே," என்றார் கிடியன்.

"வண்டிய ஓட்டுங்க."

"இல்ல, கண்ணு நேரா நம்மளயே பாக்குது மலிண்டா."

அந்தக் கண்தான் வினையாகப் போயிற்று. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால், யாரோ திருட்டுத்தனமாக எடுத்த படம் என்று எங்கள் சபை விட்டிருக்கும். காரும் மின்சாரமும் வேண்டாம் என்று வாழ்கிற எங்களைச் சுற்றுலாக்காரர்கள் சும்மா விடுவதில்லை; எங்களில் பாதிப் பேரின் முதுகு ஏற்கெனவே எங்கெங்கோ அஞ்சலட்டையில் விற்றுக்கொண்டிருக்கிறது. முதுகைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் முகத்தைத் திருப்பி, நின்று, சிரித்துக் காட்டுவது வேறு. அது தன்னைத்தானே பெரிதாக்கிக்கொள்வது. ஞானஸ்நானத்தில் முழங்காலிட்டபோது வேண்டாம் என்று வாக்குக் கொடுத்த விஷயம்.

ஒரு வாரம் முடிவதற்குள் சபை ஒழுங்கைக் கவனிக்கிற எங்கள் டீக்கன் எனோஸ், ஒரு பிரசங்கியாரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். எனோஸ் எனக்குப் பெரியப்பா மகன். நல்ல மனுஷர்தான், பறவைப் பைத்தியம் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் கழுத்தில் பைனாகுலர் தொங்கும். அன்றைக்கும் தொங்கியது. பிரசங்கியார் என் ஆப்பிள் பணியாரத்தில் கவனமாக இருந்தார். பேச்செல்லாம் எனோஸ்தான்.

"தங்கச்சி, நீ நின்னு குடுத்துதானே அவங்க எடுத்திருக்காங்க?"

"யாரு எடுத்தாங்க, எங்க இருந்து எடுத்தாங்கன்னே எனக்குத் தெரியாதுண்ணே."

"என்னம்மா பேசற! நாலு முழம் தள்ளி நின்னு எடுத்திருக்கு. உன் பல்லை எண்ணலாம் போல இருக்கு. நாலு முழத்துல ஒரு ஆளு படப் பொட்டியும் கையுமா நிக்கறது உனக்குத் தெரியலையாக்கும்?"

"தெரியலைன்னா தெரியலைதான்."

"அப்ப எதைப் பார்த்துச் சிரிச்ச?"

"வசந்தத்துல வயல்ல பரம்படிக்கறப்ப சிரிச்ச சிரிப்புக்கு இப்ப வந்து விசாரணை வச்சா நான் எங்க போவேன்? கழுதை ஏதாவது பண்ணியிருக்கும். நீங்க வந்து ஒரு நாள் அதுங்க பின்னாடி நின்னு பாருங்க, சிரிப்பு வருதா அழுகை வருதான்னு."

பிரசங்கியாருக்குப் புரையேறியது. எனோஸ் சிரிக்கவில்லை. நயமாகத்தான் சொன்னார். "இது சின்ன விஷயம் தங்கச்சி. ஒழுங்குக் கூட்டத்துல எந்திரிச்சு, 'தவறிட்டேன், பொறுத்துக்குங்க'ன்னு ஒரு வார்த்தை. சபை மன்னிச்சிடும். அதுக்கப்புறம் உயிரோட இருக்கற வரைக்கும் யாரும் அதப்பத்தி வாயத் தொறக்கக் கூடாது. நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததா?"

"செய்யாததை எப்படிண்ணே செஞ்சேன்னு சொல்லுவேன்?"

"சொல்லலைன்னா சபை ஒருமனப்படாது."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். திருவிருந்துக்கு முன்னால் சபை கூடி ஒவ்வொருவரையும் கேட்கிற ஒழுங்குக் கூட்டத்தில் ஒரே ஒருத்தர் மனம் ஒப்பாமல் இருந்தாலும் அந்த இலையுதிர்காலத்துத் திருவிருந்து நின்றுபோகும், சபை முழுவதுக்கும். திருவிருந்து முடிந்தால்தான் டீக்கன் எழுந்து கல்யாணங்களை அறிவிப்பார். கல்யாணம் எல்லாம் அறுவடைக்குப் பிறகு, பனி இறுகுவதற்குள். இந்தப் பருவம் தவறினால் அடுத்த அறுவடை வரை காத்திருக்க வேண்டும். என் மூத்தவள் லீனாவுக்கும் மில் பக்கத்து மெர்வினுக்கும் பேசி முடித்திருந்தது. வெளியே சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால் பாத்தி பாத்தியாகச் செலரிக் கீரை நட்டிருந்தேன்; எங்கள் கல்யாண விருந்து அது இல்லாமல் நடக்காது. கல்யாண விருந்து இல்லாமல் அவ்வளவு செலரியை யார் தின்பார்கள்?

எனோஸ் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தார். "செலரி நல்லா வந்திருக்கு," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

யார் மேலும் கை ஓங்கக் கூடாது என்பது எங்கள் மதம். பூரிக்கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற எனக்கு அன்றைக்கு அது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் லீனா அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்தாள். பீச் பழம் தோலுரித்துப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒரு வார்த்தைதானேம்மா. எனக்காகச் சொல்லக்கூடாதா?"

"உனக்காக என் கையை வேணா வெட்டித் தரேன். பொய் சொல்லச் சொல்லாத. அதுவும் சபை நடுவுல."

"உங்க பிடிவாதத்துக்கு என் கல்யாணம்தான் கிடைச்சுதா?"

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கிடியன் வேறு கொட்டகையிலிருந்து வந்து, "ஒரு நிமிஷ வேலை மலிண்டா, எந்திரிச்சுச் சொல்லிட்டு உக்காரு," என்றார். நான் ஒருத்திதான் தப்போ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் திருவிருந்து அப்பத்தை வாங்குவதற்காகப் பொய் சொல்லிவிட்டு, அந்த அப்பத்தையே வாயில் வைப்பது எப்படி? முடியாது. என்ன ஆனாலும் முடியாது. எடுத்தவரைக் கண்டுபிடித்து, எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன்.

விடுதியில் போய்க் கேட்டேன். பெயரைச் சொன்னார்கள். டெனிஸ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாராவாரம் என்னிடம் முட்டை வாங்குகிறவள்! நகரத்திலிருந்து வந்து, மேட்டுக்கு அந்தப்புறம் பழைய வெள்ளை வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிற இங்கிலீஷ்காரி; சபைக்கு வெளியே இருக்கிற எல்லாரையும் நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பனி உருகின சமயத்தில் ஒரு நாள், "உங்களை வயல்ல ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னேன். முகம் சுளிக்காமல், சிரித்துத்தான் சொன்னேன். இரண்டு முட்டைகூட அதிகமாகப் போட்டுக் கொடுத்தேன்.

கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அந்தப் பலகையைப் பார்த்துட்டீங்களா?"

"ஊரே பார்த்துடுச்சு. நான் வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"கிட்ட வந்து எடுக்கறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சேன். அதான் தூரத்துல இருந்து... மலிண்டா, நான் சொல்றதைக் கேளுங்க. டவுன்ல எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. ராத்திரி பகல் தெரியாம வேலை. இங்க வந்து உங்களைப் பார்த்தேன். அந்த வெயில்ல, அந்தச் சேத்துல நின்னுக்கிட்டு நீங்க சிரிச்சீங்க பாருங்க, அந்த மாதிரி ஒரே ஒரு தடவை நான் சிரிச்சிருந்தா போதும்னு தோணுச்சு."

"அப்ப உன் மூஞ்சிய வச்சுச் சிரிக்கறதுதானே? என் மூஞ்சி எதுக்கு?"

அவளுக்குக் கண் கலங்கியது. அது அழகான படம் என்றாள். யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை என்றாள். விடுதிக்காரர்களுக்கு விற்றாகிவிட்டது, இனி அது தன் கையில் இல்லை என்றாள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவில்லை.

எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். கல்லறை மேட்டுக்கு அழைத்துப் போனாள். கேமராவில் ஒரு நீளக் குழாயை மாட்டிக் கொடுத்தாள். பன்றிக்குட்டி கனம். ஓடைக்கு அந்தப் பக்கம், வெறும் கண்ணுக்கு எறும்பாய்த் தெரிகிற என் வீடு, குழாய்க்குள் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. கொடியில் காயும் லீனாவின் ஊதா உடையில் நான் போட்ட ஒட்டுகூடத் தெரிந்தது. நாலு முழமாம், நாலு முழம்! எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. ஆத்திரத்திலும்தான்.

"நான் வேணா உங்க சபையில வந்து சொல்லட்டுமா?" என்றாள் டெனிஸ்.

"நீ வந்து பேசினா ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லுவாங்க. நீ செஞ்சதே போதும்."

நேரே எனோஸைத் தேடிப் போனேன். குளத்துக் கரையில் புல்லில் படுத்துக்கொண்டு, பைனாகுலரைக் கண்ணில் ஒட்டவைத்திருந்தார்.

"சத்தம் போடாத. பெரிய நாரை," என்று கிசுகிசுத்தார்.

நானும் பக்கத்தில் குந்தினேன். "எங்கண்ணே?"

"அக்கரைல, அந்தப் பட்டுப்போன மரத்துக்குக் கீழ."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாவா? அலகுல மீன் செதில் ஒட்டியிருக்கறதுகூடத் தெரியுது. கையை நீட்டினா தொட்டுடலாம் போல."

"அது எங்க பாக்குது?"

"நேரா என்னையேதான்..."

பைனாகுலர் கண்ணிலேயே இருந்தது, ஆனால் அவர் இப்போது நாரையைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப அது உங்களுக்காக நின்னு காட்டுதாண்ணே?"

எனோஸ் எழுந்து, கால்சட்டையில் ஒட்டின புல்லைத் தட்டிவிட்டு, "எங்க இருந்து எடுத்தாங்க?" என்று கேட்டார். கல்லறை மேட்டுக்குக் கூட்டிப் போய் நிறுத்தினேன். தன் பைனாகுலரிலேயே என் வயலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"கிடியன் வண்டிக்கு அடியில படுத்துத் தூங்கறான்," என்றார்.

"தெரியும்ணே. அத விடுங்க."

"தினம் இதை மாட்டிக்கிட்டுத் திரியறேன், எனக்கு ஏன் தோணல?" தலையில் அடித்துக்கொண்டார். "நான் சபையில சொல்றேன் தங்கச்சி."

சொன்னது போலவே செய்தார். ஒழுங்குக் கூட்டம் நாள் முழுக்க நடக்கும். பெஞ்சில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போன நேரத்தில் எனோஸ் எழுந்தார். மலிண்டா படத்துக்கு நிற்கவில்லை, தூரத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறார்கள், தீர விசாரிக்காமல் போய்க் கேட்டது தன் தவறு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிஷப் தலையசைத்தார். பெண்கள் பக்கத்து பெஞ்சுகளில் ஒரு பெருமூச்சு ஓடியது. ரெண்டு வரிசை தள்ளி லீனா என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு வழக்கமான கேள்விக்கு வந்தார்கள். ஒழுங்குக்கு உடன்படுகிறாயா, எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருக்கிறாயா, திருவிருந்துக்கு வர விரும்புகிறாயா. எனோஸ் எங்கள் பக்கத்தில் ஒவ்வொருத்தியிடமும் வந்து பதில் கேட்டுக்கொண்டு போவார். "ஆமா", "ஆமா" என்று மெல்லிய குரல்கள் என்னை நோக்கி நகர்ந்து வந்தன.

எல்லா மனுஷரோடும். வருஷத்துக்கு ரெண்டு தடவை இத்தனை காலமாகக் கேட்ட வார்த்தைதான். அன்றைக்கு அது முள் மாதிரி குத்தியது. டெனிஸ் முட்டைக் கூடையோடு சிரித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்தது. கேட்டாள், வேண்டாம் என்றேன், எடுத்தாள். நினைத்த மாத்திரத்தில் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. இது சமாதானம் என்றால் சண்டை எப்படி இருக்கும்?

ஒரு வார்த்தைதான். எந்திரிக்கக்கூட வேண்டாம். அந்த ஒரு வார்த்தைப் பொய்யைச் சொல்ல மாட்டேன் என்றுதானே அத்தனை ஆட்டம் ஆடினேன்? பெண்ணை அழவைத்தேன், டீக்கனை மேட்டில் ஏற்றினேன்.

எனோஸ் என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு வேறு.

"இல்லண்ணே," என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. "தங்கச்சி..."

"அந்தப் படக்காரி மேல எனக்குக் கோபம் இருக்கு. கொஞ்சநஞ்சம் இல்ல. சமாதானம்னு சொன்னா அது பொய்."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முனகல் வந்தது. அது கிடியன் என்று திரும்பிப் பார்க்காமலேயே தெரியும். லீனா பக்கம் நான் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன்.

பிஷப் தாடியைத் தடவினார். "அவ நம்ம சபைக்காரி இல்லையேம்மா."

"மனுஷிதானேங்க?"

பிஷப் ஓர் அடி முன்னால் வந்தார். "திருவிருந்துக்கு முன்னாடி உபவாச நாள் வருது. அதுக்குள்ள முடிச்சிட்டு வந்து எனோஸ்கிட்ட சொல்லு. முடியலைன்னா உனக்காக நாங்க எல்லாரும் காத்திருப்போம்."

திட்டியிருந்தால் திருப்பிப் பேசியிருப்பேன். காத்திருப்போம் என்றதற்கு என்ன பேச?

வீட்டு வாசலில் வண்டியிலிருந்து இறங்கும்போது லீனா, "அவளை மன்னிச்சுத் தொலைங்கம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தொலைக்கத்தான் பார்த்தேன். மாவு பிசையும்போது மன்னித்தேன், பால் கறக்கும்போது மன்னித்தேன். ஒவ்வொரு தடவையும், 'சிரிச்சுக்கிட்டுத்தானே வேண்டாம்னு சொன்னேன்' என்று உள்ளே ஒரு குரல் ஆரம்பித்துவிடும். அப்படி ஆரம்பித்தபோது காம்பை இழுத்த இழுப்பில் பசு என்னை ஓர் உதை விட்டது. பசுவைச் சொல்லிக் குற்றமில்லை.

உபவாச நாளும் வந்துவிட்டது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கொட்டகையைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தேன். நாற்றம் போகட்டும், அப்புறம் அள்ளலாம் என்று யாராவது சாணியை விட்டுவைப்பார்களா? நாற்றத்தோடுதான் அள்ளுகிறோம். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தேன். கோபம் போகிறபோது போகட்டும். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேட்டைத் தாண்டி நடந்தேன்.

டெனிஸ் கதவைத் திறந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"உன்னை மன்னிச்சிட்டேன்."

அவள் விழித்தாள். "நான்... நான் இன்னும் மன்னிப்பே கேக்கலையே?"

"நீ கேக்கற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருந்தா என் பொண்ணு கிழவியாயிடுவா."

"அப்ப கோபம் போயிடுச்சா?"

"எங்க போச்சு? அப்படியே இருக்கு."

"அப்புறம் எப்படி மன்னிச்சீங்க?"

"கோபம் போனப்புறம் மன்னிக்கறதுல என்ன இருக்கு? அதைச் சின்னப் பிள்ளைகூடச் செய்யும். நீ எனக்கு எதுவும் செய்ய வேண்டியதில்ல. பலகையை இறக்க வேண்டாம், அழ வேண்டாம். முட்டைக்கு வழக்கம்போல வா. கோபம் என் வேலை, அதை நான் பார்த்துக்கறேன். நாளைக்கும் வந்து இதையே சொல்லுவேன்."

எனோஸிடமும் மறைக்காமல் அப்படியே சொன்னேன். "மன்னிச்சிட்டேண்ணே. கோபம் இன்னும் இருக்கு. தினம் போய்ச் சொல்லிக்கிட்டு வரப்போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது போதும் தங்கச்சி. நம்மள்ல பாதிப் பேரு அவ்வளவுகூடச் செய்யறதில்ல," என்றார்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மழையில் ஒரு நாள், தலைவலியோடு ஒரு நாள். டெனிஸ் முதலில் பயந்தாள், பிறகு காபி வேண்டுமா என்றாள், பிறகு ஒன்றும் கேட்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொள்வாள். திருவிருந்து நல்லபடியாக நடந்தது. அப்பம் தொண்டையில் இறங்கியது. அதற்கு அடுத்த சபையில் எனோஸ் எழுந்து லீனாவின் பெயரையும் மெர்வினின் பெயரையும் சேர்த்துச் சொன்னார். வழக்கப்படி லீனா அன்றைக்கு வரவில்லை, மெர்வினுக்குச் சமைத்து வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அவளுக்கும் சேர்த்து நான் அழுதேன்.

மறுநாள் திங்கட்கிழமை. துணி துவைக்கிற நாள். ஊறப்போட்டுவிட்டு மேட்டைத் தாண்டிப் போனேன்.

"கல்யாணத்தை அறிவிச்சிட்டாங்களாமே?" என்றாள் டெனிஸ்.

"ஆச்சு."

"அப்ப இனிமே நீங்க வர வேண்டியதில்லையே?"

"உன்னை மன்னிச்சிட்டேன்," என்றேன்.

அவள் முகம் கோணிக்கொண்டு போயிற்று. அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்கு நல்லாக் கேட்டுச்சு மலிண்டா. தூரம் கிட்டம் எல்லாம் சும்மா. தெரிஞ்சேதான் எடுத்தேன். என்னை மன்னிச்சிடுங்க."

நான் சொல்ல வேண்டியதை முன்பே சொல்லியாகிவிட்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.